தலையில்லாத பெயர்ப்பலகை

ரொட்டிக் கூடையோடு சத்திரத்து வாசலுக்கு வந்த ஹெஸ்டர் அண்ணாந்து பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

பெயர்ப்பலகையில் இருந்த பெண்ணுக்குத் தலையைக் காணோம்! கழுத்துக்கு மேலே வெறும் நீல வானம்.

"ஜேபஸ் அண்ணே! என்ன கூத்து இது?"

சத்திரக்காரர் ஜேபஸ் பீர் பீப்பாயை உருட்டிக்கொண்டே சிரித்தார். "நேத்துதான் அழிக்கச் சொன்னேன். இனிமே நம்ம சத்திரத்துக்கு 'பேசாத பெண்'னு பேரு. தலை இல்லேன்னா வாய் ஏது?"

வாசல் பெஞ்சில் குடித்துக்கொண்டிருந்த வெளியூர் வண்டிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எங்க வீட்டுக்கும் ஒண்ணு வரைஞ்சு குடுங்க!"

ஹெஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது இந்தச் சத்திரத்தில் சமைக்கிற டார்க்கஸின் முகமல்லவா? நாரிச் நகரத்தில் எழுத்துத் தெரியாதவர்கள்கூட, கன்னத்து மச்சத்தோடு சிரிக்கும் அந்த முகத்தை அடையாளம் வைத்துத்தானே இங்கே வந்து சேர்கிறார்கள்!

"கேக்க நாதியில்லாத பொண்ணுன்னுதானே இப்படி அவமானப்படுத்துறீங்க? இனிமே என் ரொட்டி இந்த வாசப்படி ஏறாது, ஆமா!"

அப்போது குதிரையில் ஒருவன் வந்து நின்றான். பலகையை உற்றுப் பார்த்தான்.

"கன்னத்துல மச்சம் வெச்ச பொண்ணு படம் இங்கேதான்னு யார்மவுத் துறைமுகத்துல சொன்னாங்களே?"

"அதானே! அது..." என்று ஹெஸ்டர் வாயெடுக்க, ஜேபஸின் பூட்ஸ் அவள் காலை நச்சென்று மிதித்தது.

"எவனோ குடிச்சிட்டு உளறியிருப்பான்! எங்க பலகைக்கு ஏது தலை? பொம்பளைக்கு வாய் கூடாதுன்னு நினைக்கிறவன் நான்."

"சரியாச் சொன்னே!" வந்தவன் சிரித்துக்கொண்டே குதிரையைத் தட்டிவிட்டான்.

பொய் வேறயா! ஹெஸ்டர் நொண்டிக்கொண்டே அடுக்களைக்குள் பாய்ந்தாள்.

"அடியே டார்க்கஸ், எங்கே இருக்கே? துணிமணியை எடு. இந்த மனுஷன்கிட்ட இனி ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது. என் வீட்டுக்கு வந்துடு!"

விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து டார்க்கஸ் மெல்ல எட்டிப் பார்த்தாள்.

"போயிட்டானாக்கா என் புருஷன்? ஜேபஸ் அண்ணன் மட்டும் அந்த முகத்தை அழிக்கலேன்னா, இந்தத் தடவை என்னைக் கொன்னே போட்டிருப்பான்..."