கட்டிலுக்கடியில் நாலு தந்தி

"அவங்க போற வரைக்கும் அந்தக் கித்தாரு கட்டிலுக்கடியிலதான் இருக்கணும். நீ வாயத் தொறந்த, அப்புறம் பாரு!" புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டே சொன்னாள் முனியாயி.

"இப்ப ஒளிச்சு வச்சிட்டா சரி. கல்யாணத்துக்கு அப்புறம் அது எங்கம்மா போகும்?"

"குப்பை லோரியில போவட்டும்."

மகள் பவானேஸ்வரி கித்தாரைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தமும் அந்த நாலு தந்தியில் மாட்டித்தான் அறுந்தன. பொம்பளைப் பிள்ளை பேஸ் கித்தார் வாசிப்பதா என்று ஒரு வீட்டார் சிரித்தார்கள். அதை விற்றுவிட்டு வரச் சொன்னார்கள் இன்னொரு வீட்டார். மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். இன்றைக்கு வருகிறவன் விற்கச் சொன்னாலும் அதே பதில்தான். அது அம்மாவுக்குத் தெரியாது.

அங்கமுத்து மாமாதான் ஃபோன் செய்திருந்தார். "ரெம்பியாவுலேர்ந்து ஒரு குடும்பம் பவானியப் பத்தி விசாரிச்சாங்க. தங்கமான ஆளுங்க. ஞாயித்துக்கெழம வராங்க." அதோடு வைத்துவிட்டார். பாயா ரும்புட் முழுக்க ஜாதகங்களைச் சுமந்து திரிகிறவர் அவர். அவர் அனுப்பும் குடும்பம் வேறு எதற்கு வரும்?

கார் வந்து நின்றது. இறங்கியது இரண்டே பேர். முப்பது வயது மதிக்கத்தக்க புவனேந்திரன், அவன் பின்னால் திலகவதி. பூசினாற்போல் உடம்பு, கழுத்தில் தாலிக்கொடி, கையில் வெற்றிலை பாக்கு பழத்தோடு ஒரு தட்டு.

"அக்காக்காரி போல," முனியாயி மகளின் காதைக் கடித்தாள். "தட்டோடயே வந்துட்டாங்க பாத்தியா. இன்னிக்கே முடிஞ்சிரும் லா."

பவானி தேத்தண்ணியை நீட்டினாள். புவனேந்திரன் கோப்பையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. இடது கை விரல் நுனிகளைப் பார்த்தான்.

"நல்லா காச்சுப் போயிருக்கே. ரவுண்டு ஸ்ட்ரிங்கா?"

முனியாயிக்குக் கடித்த வடை தொண்டையில் நின்றது.

"ஆமா, சொரசொரன்னு இருக்குமே, அந்த ரவுண்டுதான்," என்றாள் பவானி மெல்ல.

"அதெல்லாம் சும்மா பொழுதுபோக்குங்க," முனியாயி குறுக்கே விழுந்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே விட்டுருவா."

"ஐயோ, விடக்கூடாதும்மா!" திலகவதி பதறினாள். "புக்கிட் காத்தில் பக்கம் ஒரு பர்த்டேக்கு உங்க பொண்ணு வாசிச்சாங்கள்ல, அதக் கேட்டுத்தான் எங்களுக்குப் புடிச்சுப் போச்சு."

முனியாயி பேய் முழி முழித்தாள்.

"கொண்டாங்களேன், கேப்போம்," என்றான் புவனேந்திரன்.

கித்தார் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்தது. சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் பெட்டி பவானியிடம் கிடையாது. கித்தாரின் தலையை மர அலமாரியில் சாய்த்துக்கொண்டு வாசித்தாள். அலமாரியே முழங்கியது. புவனேந்திரனின் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன.

"நடுவுல கடகடன்னு ஒரு சத்தம் வருதே?"

"ஸ்ட்ரிங் மெல்லிசு. நான் அழுத்தி இழுப்பேன். ரொம்ப ஆடிப்போய் அடியில இருக்கிற ஃப்ரெட் கம்பியில இடிக்குது."

"அப்ப கொஞ்சம் மெதுவா வாசிக்கலாமே?"

இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள் பவானி. இவனும் குறைத்துக்கொள்ளத்தான் சொல்கிறான்.

"மெதுவா வாசிச்சா அது என் வாசிப்பா இருக்காது. கைய மாத்த முடியாது, ஸ்ட்ரிங்கத்தான் மாத்தணும். கனமானதா போட்டா அவ்வளவு ஆடாது."

அம்மா கண்ணால் எரித்தாள். வந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஃப்ளாட் போட்டா என்ன?" அவன் விடவில்லை. "வழவழன்னு இருக்கும், விரலும் தேயாது. எங்களுக்குப் பழைய பாட்டுதான் அதிகம்."

"பழைய பாட்டுக்கு அது பொருத்தம்தான். தும் தும்னு உருண்டையா விழும். புதுப் பாட்டு வந்தா மந்தமாயிரும், பல்லு போன வாய் மாதிரி. கனமான ரவுண்டே போட்டுக்கிட்டு, பழைய பாட்டுக்கு மட்டும் தந்திக்கு அடியில ஸ்பாஞ்ச் சொருகிட்டா போதும். ரெண்டும் வரும்."

"என் பாத்திரம் கழுவுற ஸ்பாஞ்ச் அங்கதான் போச்சா!" என்றாள் முனியாயி, தன்னை மறந்து.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "இதுக்கு முன்ன நாங்க பாத்த யாரும் இப்படிப் பேசல," என்றான் புவனேந்திரன்.

பவானி தலையைக் குனிந்துகொண்டாள். விட்டுவிடு என்று சொல்லாமல், எந்தத் தந்தி உனக்குச் சரிவரும் என்று கேட்ட முதல் ஆள் இவன்தான். இவன் என்றால் சரி சொல்லிவிடலாமோ? காது மடல் சூடானது.

திலகவதி எழுந்து, தட்டை இரண்டு கையாலும் முனியாயியிடம் நீட்டினாள். "எங்களுக்கு முழுத் திருப்திம்மா. வாங்கிக்குங்க."

முனியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "மாப்பிள்ளையும் தன் வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லாருக்கும்."

"எந்த மாப்பிள்ளை?"

திலகவதி தட்டைப் பார்த்தாள். பவானியின் பட்டுப் புடவையையும் தலை நிறைய மல்லிகையையும் அப்போதுதான் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அம்மா! எங்க பேண்டுல பேஸ் வாசிச்சவரு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாரு. வாசிக்கிறவங்கள வெறுங்கையோட வந்து கூப்பிடக்கூடாதுன்னு வெத்தல பாக்கோட அட்வான்ஸ் கொண்டாந்தோம். நான் கீபோர்ட். இவரு டிரம்ஸ்... என் வீட்டுக்காரரு லா!"

முனியாயி தட்டைத் திருப்பி நீட்டப் போனாள், ஆனால் அதற்குள் காய்த்துப்போன நாலு விரல்கள் அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தன.