சனிக்கிழமை கார்

"ஊருக்குத்தான் உபதேசம்" என்று யோகேஷ் முணுமுணுத்தான்.

எதிர் சிக்னலில் நின்ற காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் அவனுடைய பக்கத்து வீட்டு ரப்பி ஷ்முவேல். யூதர்களின் குரு. கறுப்புத் தொப்பி, நெஞ்சு வரை தாடி. சாட்சாத் அவரேதான்.

இன்றைக்குச் சனிக்கிழமை, அவர்களுடைய சபாத் நாள். சுவிட்சைத் தொடக் கூடாது, வண்டியை எடுக்கவே கூடாது. பேர்லினில் குடிவந்த நாளாக யோகேஷுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மனுஷன் லிஃப்ட் பட்டனை அமுக்காமல் நாலு மாடி ஏறுவார். போன வாரம் கதவைத் தட்டி, "பெட்ரூம்ல லைட் எரிஞ்சிக்கிட்டே இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். அணைக்கச் சொல்லி வாய்விட்டுக் கேட்கவும் கூடாதாம். குறிப்பறிந்து இவன்தான் போய் அணைத்தான்.

இவரைத்தான் மனைவி நிருபமா தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறாள். நிறைமாதக்காரி. புளிப்பாக ஏதாவது வேண்டும் என்றாளே என்று ஊறுகாய் வாங்கக் கடைக்கு வந்திருந்தான்.

"இரு, உன் மகானோட லட்சணத்தை போட்டோ எடுத்து அனுப்பறேன்."

மொபைலை எடுத்தான். காலையில் அவள் தூங்குகிறாளே என்று சைலண்டில் போட்டது, அப்படியே கிடந்திருக்கிறது. திரை முழுக்க அவளுடைய மிஸ்டு கால். கடைசியில் ஒரு மெசேஜ்.

'ரத்தம் போகுது. நம்ம தெருமுனை ஹாஸ்பிடலுக்குப் போறேன். ஓடி வா.'

யோகேஷ் ஓடினான்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ரப்பி கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார்.

"நீங்களா கூட்டிட்டு வந்தீங்க?"

"ஆமாம். பின் சீட்ல படுக்க வெச்சு. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கப் பயமா இருந்தது."

யோகேஷ் கூனிக்குறுகிப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கதவு திறந்தது. "பெண் குழந்தை. அம்மாவும் நல்லா இருக்காங்க" என்றாள் நர்ஸ்.

"மஸல் டோவ்!"

வாழ்த்திய கையோடு ரப்பி யோகேஷைப் பிடித்து இழுத்து, அந்த வராந்தாவிலேயே சுற்றிச் சுற்றி ஆட ஆரம்பித்துவிட்டார். அதட்ட வந்த நர்ஸே சிரித்துவிட்டாள். யோகேஷுக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

மூச்சு வாங்க இருவரும் உட்கார்ந்தார்கள்.

"எங்களால உங்க சபாத் கெட்டுப்போச்சே. கீழ் வீட்டு முஸ்தஃபா யூதர் இல்லையே. அவரை ஓட்டச் சொல்லியிருக்கலாமே?"

ரப்பி தாடியை நீவிக்கொண்டார்.

"உயிருக்கு ஆபத்துன்னா, முதல்ல குருவே வண்டியை எடுக்கணும்கிறதுதான் எங்க முறை. நான் இன்னொருத்தரைத் தேடிப் போனா, நாளைக்கு எங்க ஜனங்க யோசிச்சுக்கிட்டு நிப்பாங்க. நான் சபாத்தை மீறலை, யோகேஷ். இன்னைக்குத்தான் அதை முழுசா கடைப்பிடிச்சேன்."