டைரக்டரைக் கூப்பிடுங்க

“டைரக்டர்!”

ரஹீமுன்னிசா டீச்சர் கையைத் தூக்கிக் கூப்பிட்டதும் ஹாலே திரும்பிப் பார்த்தது.

எல்சிக்கு முகம் வெளுத்துவிட்டது.

ராயபுரத்தில் ஒரு மனமகிழ் மன்றம். பிரிட்ஜ் சீட்டாட்ட இறுதிப் போட்டி. மன்றச் செயலாளர் தண்டபாணியும் ரஹீமுன்னிசா டீச்சரும் ஒரு ஜோடி. எதிரணியில் எல்சியும் அவள் புருஷன் ஜோவும். புள்ளி கிட்டத்தட்ட சமம். இந்தக் கடைசி ஆட்டத்தை ஜெயிப்பவர்களுக்குத்தான் கோப்பை.

ஜோ துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறான். எல்சிக்கு எண்ணூரில் ஒரு கம்பெனி லேபில் வேலை. இரண்டு பேரும் போனில் ஆடிப் பழகியவர்கள். அதனால் மன்றத்தில் அவர்களுக்கு ‘போன் ஜோடி’ என்று பெயர். இறுதிப் போட்டி வரை வருவார்கள் என்று ஒருத்தரும் நினைக்கவில்லை.

பிரிட்ஜில் முதலில் ஏலம் நடக்கும். எதைத் துருப்பாக வைத்து எத்தனை பிடி எடுப்போம் என்று ஒருவரைவிட ஒருவர் கூட்டிக் கேட்க வேண்டும்; வாயால் அல்ல, அதற்கான அட்டையை மேஜையில் வைத்து. தண்டபாணி இரண்டு இஸ்பேட் கேட்டார். ஆர்ட்டினைவிட இஸ்பேட் பெரிது. ஆர்ட்டின் கேட்பதென்றால் குறைந்தது மூன்று கேட்க வேண்டும். எல்சி பதற்றத்தில் இரண்டு ஆர்ட்டின் அட்டையை வைத்துவிட்டாள்.

போனில் குறைத்துக் கேட்டால் பட்டன் அமுங்கவே அமுங்காது. இப்படி ஒரு தப்பு நடக்க முடியும் என்பதே அவளுக்குப் புதுசு.

“அட, விடுங்க டீச்சர்!” என்று சிரித்தார் தண்டபாணி. “புதுசா வந்த பொண்ணு. இதுக்குப் போய் டைரக்டரா? எல்சி, பரவால்லம்மா. அந்த அட்டையை எடுத்துட்டு பாஸ் போட்டுடு. நமக்குள்ளயே முடிச்சுக்கலாம்.”

பக்கத்து மேஜையில் ஒருவர் தலையை ஆட்டினார். “செக்ரட்டரின்னா இவருதான்யா. தங்கமான மனுஷன்!”

எல்சியின் கை, ‘எதுவும் கேட்கவில்லை’ என்று காட்டும் பாஸ் அட்டைப் பக்கம் போனது.

“கையை எடு!” டீச்சரின் குரல் அறைவது போல் விழுந்தது. “டைரக்டர் வர்ற வரைக்கும் எதையும் தொடக்கூடாது.”

எல்சிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜோவுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா டீச்சர் நீங்கோ? தெரியாம வெச்சிட்டா. அவரே பரவால்லன்றாரு. நீங்க இன்னாத்துக்கு பேஜார் பண்ணிகினு கீறீங்கோ?”

“சட்டம்னா சட்டம், ஜோ.”

ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. டீச்சர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

டைரக்டர் தவ்ஃபீக் வந்தார். ஆட்டத்துக்கு அவர்தான் நடுவர். நடந்ததைக் கேட்டுக்கொண்டார்.

“டீச்சர், அடுத்துக் கேக்க வேண்டியது நீங்க. அந்த ரெண்டு ஆர்ட்டினை அப்படியே ஒத்துக்கறீங்களா?”

“இல்லை.”

“அதானே!” என்றது ஒரு குரல்.

“சரி. எல்சி, நீங்க அதே ஆர்ட்டினை மூணாக் கூட்டிக்கலாம். அதுக்குத் தண்டனை கிடையாது. வேற எதைப் போட்டாலும்...”

அவர் முடிக்கவில்லை. எல்சி கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். ஆறு ஆர்ட்டின், அதுவும் ஆஸோடு. ‘மூணு கேக்கலாமா? கேக்கலாம்!’ டக்கென்று மூன்று ஆர்ட்டின் அட்டையை வைத்தாள்.

டீச்சர் பாஸ். ஜோ கொஞ்சமும் யோசிக்காமல் நாலு ஆர்ட்டினுக்கு ஏற்றினான்.

தண்டபாணி சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

நாலு கேட்டால், அடிப்படை ஆறையும் சேர்த்துப் பத்துப் பிடி எடுத்தாக வேண்டும். ஜோ தன் சீட்டை மேஜையில் விரித்து வைத்துவிட்டான். இனி இரண்டு பேர் சீட்டையும் ஆட வேண்டியவள் எல்சி.

மூன்று பிடி எதிராளிக்குப் போய்விட்டது. இன்னும் ஒன்று போனால் தோல்வி. பயமெல்லாம் எதிராளிகளிடம் இருக்கும் ஆர்ட்டின் ராணிக்குத்தான். அது யார் கையில்?

எல்சி ஆஸைப் போட்டாள். ராணி விழவில்லை. அடுத்து ஒரு சின்ன ஆர்ட்டின். டீச்சரும் சின்னதாகவே போட்டார். ஜோவின் சீட்டில் ராஜாவும் இருக்கிறது, ஜாக்கியும் இருக்கிறது. பலரும் ராஜாவைத்தான் போடுவார்கள். ராணி தண்டபாணியிடம் இருந்து, இவள் ஜாக்கியைப் போட்டால் கதை முடிந்தது.

‘அவரு இஸ்பேட் கேட்டவரு. கை நெறைய இஸ்பேட் கீது. ஆர்ட்டினுக்கு எடம் ஏது?’

“ஜாக்கி” என்றாள்.

ஜோ ஜாக்கியை நகர்த்தினான்.

தண்டபாணி ஒரு டைமன் சீட்டைப் போட்டார். அவரிடம் வேறு ஆர்ட்டினே இல்லை!

அடுத்த ராஜாவுக்கு டீச்சரின் ராணி விழுந்தது. பத்துப் பிடி!

“கெலிச்சிட்டே மே!” ஜோ போட்ட சத்தத்தில் ஹாலே எழுந்து நின்று கை தட்டியது. ‘போன் ஜோடி’ என்று கேலி பேசியவர்களே விசில் அடித்தார்கள். கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபோது எல்சி அழுதுகொண்டே சிரித்தாள்.

கூட்டம் கலைந்தது. டீச்சர் தனியாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஜோவால் சும்மா இருக்க முடியவில்லை. எல்சி சட்டையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல் போய் முன்னால் நின்றான்.

“தப்பா நெனச்சுக்காதீங்கோ டீச்சர். உங்க பார்ட்னரு எவ்ளோ பெருந்தன்மையா பாஸ் போட்டுடுன்னாரு! நீங்கதான் அவள அழ வெச்சிட்டீங்கோ.”

டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“அவ பாஸ் போட்டிருந்தா, சட்டப்படி ஏலம் முடியற வரைக்கும் நீயும் பாஸ்தான் சொல்லியிருக்கணும், ஜோ. நாலு கேட்டிருக்கவே முடியாது. ஆட்டம் எங்களுக்குப் போயிருக்கும்.”

படி இறங்கப் போனவர் நின்று திரும்பினார்.

“அந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே என் பார்ட்னர்தான்.”