கூப்பிட்ட குரலுக்கு

கிணறு வெட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இறங்கினவன் அவ்வப்போது "இருக்கியா?" என்று கூப்பிடுவான். மேலே நிற்கிறவன் எட்டிப் பார்த்து "இருக்கேன்" என்று சொல்லணும். அந்த வேலையை விட்டு ஆறு வருசமாகியும் எனக்கு அது போகவில்லை. கதவைச் சாத்தினால் நெஞ்சடைக்கும், கூப்பிட்டுவிடுவேன். பெரியாஸ்பத்திரியில் மனசு டாக்டரம்மா அறைக்குள்ளும் அப்படித்தான். வெளியே பெஞ்சில் இருக்கிற என் பெண்டாட்டி பேச்சி "இருக்கேன்" என்பாள். "மெதுவாக் கூப்பிட்டா என்னவாம்? பெஞ்சுல இருக்கவ எல்லாம் என்னையப் பாக்காளுவ" என்று பஸ்ஸில் வைவாள்.

நாலாவது தடவை போனபோது டாக்டரம்மா கேட்டார்: "மண்ணு சரிஞ்ச அன்னைக்கு உங்க மச்சினன் கூப்பிட்டாரா?"

மச்சினன் மாசாணம், பேச்சியின் ஒரே தம்பி; அன்றைக்குக் கிணற்றுக்குள் இறங்கி மண்ணோடு போனவன். அவன் கூப்பிட்டது காதில் விழவில்லை என்றுதான் போலீசிலும் சொன்னேன், பேச்சியிடமும் சொன்னேன்.

"கேட்டுச்சும்மா," என்றேன். "பீடி பத்த வச்சுக்கிட்டிருந்தேன். அடுத்த தடவைக்குச் சொல்லிக்கிடலாம்னு இருந்துட்டேன். எட்டிப் பாத்திருந்தா விரிசல் கண்ணுல பட்டிருக்கும்."

"இது உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

இந்தத் தடவை நான் அறைக்குள் வந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கதவுக்கு வெளியே பேச்சியின் குரல் கேட்டது. "என்ன, இருக்கியளா?"

டாக்டரம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சி இன்னொரு தடவை கூப்பிட்டாள். பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது.