கண்ணாடியில் ஒரு அ

“டி.சி.யைக் கொடுத்துடுங்கோ டீச்சர். மாயவரத்துல எங்க அக்காகிட்டக் கொண்டுபோய் விட்டுடறேன். சமையலாவது கத்துக்கட்டும். இவளுக்குப் படிப்பு வராது.”

வெங்கடேஸ்வரன் மகளைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

மூன்றாம் வகுப்பில் காமாக்ஷிக்கு இது இரண்டாவது வருஷம். வாயால் கதை கதையாகச் சொல்வாள். பென்சிலைக் கொடுத்தால் எழுத்துகள் இடம் மாறி, தலைகீழாகி, பாதியில் காணாமல் போகும்.

இத்தனைக்கும் ஆபீஸில் வெங்கடேஸ்வரன் கையெழுத்துக்குத் தனி மவுசு. பெரிய அதிகாரிக்குப் பிரிவுபசாரம் என்றால் மடல் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு இப்படி ஒரு பெண்! மானம் போகாதா? தினமும் ஜனக்புரி வீட்டுக்கு வந்ததும், காப்பிகூடக் குடிக்காமல் அவளை உட்காரவைத்து எழுதவைக்கிறார். மனுஷன் எவ்வளவுதான் பாடுபடுவார், பாவம்.

காமாக்ஷி ஸ்வெட்டருக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு நின்றாள். டெல்லியின் ஜனவரிக் குளிர்.

எழுத்து வராத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு எடுக்கும் வள்ளியம்மை டீச்சர், தாளில் பெரிதாக ஒரு ‘அ’ எழுதி, அதற்கு எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினார். தாள் நேராகத் தெரியாதபடி அட்லஸால் மறைத்துக்கொண்டார்.

“கண்ணாடியை மட்டும் பார்த்து, இந்த எழுத்து மேலயே எழுதுங்க சார்.”

பூ, இவ்வளவுதானா என்று பேனாவைத் திறந்தார்.

மேலே போக நினைத்தால் பேனா கீழே போனது. வளைய வேண்டிய இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அவர் கைதான், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கோட்டை விட்டு எங்கேயோ கிறுக்கிக்கொண்டு போயிற்று. அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்தது.

“ஜல்தி சார், ஜல்தி. ஒரு எழுத்துக்கு இவ்வளவு நேரமா?” என்றார் டீச்சர்.

வெங்கடேஸ்வரன் பேனாவைப் போட்டுவிட்டு விரல்களை மடக்கிக்கொண்டார்.

காமாக்ஷி ஓடி வந்தாள். ஸ்வெட்டருக்குள்ளிருந்து கையை எடுத்து, அப்பாவின் விரல்களை அவசரமாக மூடிக்கொண்டாள்.

“பயப்படாதேப்பா. இந்த டீச்சர் உன்னை மாதிரி ஸ்கேலால அடிக்க மாட்டா.”

அவள் விரல் முட்டிகள் வீங்கிச் சிவந்திருந்தன.

அவருக்கு வெட்கமாக இருந்தது. டி.சி.யைப் பற்றி அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை. அந்தச் சின்னக் கைக்கு அடியிலிருந்து தன் கையை எடுக்கவும் இல்லை.