முப்பத்தெட்டாவது வாரம்

“மீதி எங்கேடி?”

ஜம்புநாதன் போட்ட சத்தத்தில், அடுக்களையிலிருந்த ஷியாமளா கரண்டியோடு ஓடி வந்தாள்.

மாவுக்கட்டுப் போட்ட காலைக் கட்டிலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவள் கணவர். மடியில், பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து அவள் பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதை.

“தேவகி பெட்டியோட மாயவரம் ஸ்டேஷன்ல நிக்கறா. ரயில் வரது. ஏறினாளா, இல்லே புருஷன்கிட்டயே திரும்பிப் போனாளா? முப்பத்தெட்டாவது வாரத்தோட நின்னு போயிருக்கு! ஒரு கதையை முழுசாச் சேர்த்து பைண்டு பண்ணத் துப்பில்லையா உனக்கு?”



அலிப்பூர் ஆபீசில் வங்காளிகளுக்கு ஜம்புநாதன்தான் பொடோ பாபு, அதாவது தலைமை குமாஸ்தா. வருஷக்கணக்காக அவர் படித்ததெல்லாம் ஃபைலும் சர்க்குலரும்தான். கதை படிக்கிறவர்களைக் கண்டால், ‘பொழுது போகாத ஜன்மங்கள்’ என்பார்.

போன மாதம் டிராமிலிருந்து இறங்கும்போது கால் முறிந்தது. காலை உயர்த்தி வைக்கச் சொன்னார் டாக்டர் மித்ரா. தலையணை போதாமல், பரணிலிருந்த இரண்டு பைண்டு புத்தகங்களை இறக்கி அடியில் கொடுத்தாள் ஷியாமளா.

ஒரு மத்தியானம் லோட்ஷெட்டிங். ஃபேன் இல்லை, ரேடியோ இல்லை. போனால் போகிறதென்று ஒன்றை உருவிப் பிரித்தார்.

அவ்வளவுதான். சாப்பிடக் கூப்பிட்டால், “இரு, இந்த வாரம் முடியட்டும்” என்றார். பள்ளிக்கூட நாளில் பூகோளப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை ஒளித்துவைத்துப் படித்த சுகம், அப்படியே திரும்பி வந்துவிட்டது. இத்தனை வருஷம் இதைத் தொலைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் பார்த்தா கதை பாதியில் நிற்க வேண்டும்?

“சரி, நீ படிச்சிருப்பியே. முடிவையாவது சொல்லு” என்றார்.

ஷியாமளா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ரயில் ஏறலை. திரும்பியும் போகலை. ஸ்டேஷனுக்கு எதிர்க்க ஒரு ஸ்கூல். அதுல டீச்சரா சேர்ந்துடறா. ரெண்டு வருஷம் கழிச்சுப் புருஷன் தேடிண்டு வரான். காபி கலந்து கொடுக்கறா. குடிச்சுட்டு, ‘கிளம்பலாமா?’ங்கறான். ‘எனக்கு ஸ்கூலுக்கு நாழியாறது, கதவைச் சாத்திண்டு போங்கோ’ங்கறா.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? அவ்வளவுதான்.”

“பாவம்டி அந்த மனுஷன்” என்றார் ஜம்புநாதன்.

ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் சிநேகிதர் மஹாதேவன் சந்தேஷ் மிட்டாய்ப் பெட்டியோடு பார்க்க வந்தார். நாலு வீடு தள்ளித்தான் அவரும் குடியிருந்தார். ஜம்புநாதன் காலைப் பற்றியும் பேசவில்லை, ஆபீசைப் பற்றியும் கேட்கவில்லை. தேவகியின் கதையைத்தான் சொன்னார். முடிவைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

மஹாதேவன் விழுந்து விழுந்து சிரித்தார்.

“யார் ஓய் உமக்கு இப்படிச் சொன்னா? எங்காத்துல ஜெயலக்ஷ்மி அந்தக் கதையை முழுசா வெச்சிருக்கா. நானும் படிச்சிருக்கேன். புருஷன் ஸ்டேஷனுக்கே ஓடி வந்து அவகிட்ட மன்னிப்புக் கேக்கறான். ரெண்டு பேரும் குதிரை வண்டியில ஆத்துக்குப் போறா. சுபம்!”

ஜம்புநாதனின் முகம் செத்துவிட்டது. மஹாதேவன் படி இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“எதுக்குடி பொய் சொன்னே? மறந்து போச்சுன்னா மறந்து போச்சுன்னு சொல்றதுதானே? அவன் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே! நாளைக்கு ஆபீஸ் பூரா சொல்லிச் சிரிப்பான்.”

“மறக்கலை. அந்த முடிவை நான் படிக்கவே இல்லை.”

“பின்னே நீ சொன்னது?”

“முடிவு தெரியாம எத்தனை நாள் இருக்கறது? பாத்திரம் தேய்க்கறச்சே, துணி உலர்த்தறச்சே, நானே யோசிச்சு யோசிச்சு முடிச்சுண்டேன்.”

“ஏன் படிக்கலை? பத்திரிகைதான் வாராவாரம் வந்துண்டிருந்ததே?”

“அந்த வருஷம் உங்களுக்கு டிபார்ட்மெண்ட் பரீட்சை. ‘கதைப் புஸ்தகம் கண்ல படப்படாது, என் புத்தி அதுல போயிடும்’னு நீங்கதான் லேக் மார்க்கெட் கடையில பத்திரிகையை நிறுத்தச் சொன்னேள். பாஸ் பண்ணினேள், பிரமோஷனும் வந்தது. திரும்பப் போடச் சொல்லலை.”

ஜம்புநாதனுக்குப் பரீட்சை நினைவிருந்தது. வாங்கின மார்க்கூட நினைவிருந்தது. பத்திரிகையை நிறுத்தினது மட்டும் சுத்தமாக நினைவில் இல்லை. ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

“நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” குரல் இறங்கிவிட்டது.

“கேட்டேன், ஒரு தரம். ஃபைல் பார்த்துண்டிருந்தேள்.”

அவர் மூடிக் கிடந்த புத்தகத்தைத் தடவினார். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நாலு வீடு தள்ளி மஹாதேவன் ஆத்துல இருந்திருக்கு. அங்கேயாவது வாங்கிப் படிச்சிருக்கப்படாதா?”

“ஜெயலக்ஷ்மி மாமி அப்பவே ஆத்துக்குக் கொண்டு வந்து நீட்டினா. ‘வேண்டாம் மாமி, எங்காத்துக்காரர் ஒரு வாரம் விடாம எனக்கு வாங்கிண்டு வந்துடறார்’னு சொல்லிட்டேன்.”