சோதனையில் தேறியவர்

"முகத்தை வலது பக்கம் திருப்புங்க. ம்ம். இப்ப இடது கையைத் தூக்குங்க."

என் கணவர் டாக்டர் இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கான 'கீ' விற்பவர். பெட்டியும் எடையும் இல்லாத சரக்கு. எழுத்தும் எண்ணும் கலந்த ஒற்றை வரி. அதைத் தட்டினால் விளையாட்டு திறந்துகொள்ளும்.

போன் திரையில் இருந்த ஆள், அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்காமல் அடையாள அட்டையைத் தாடைக்குக் கீழே பிடித்தார். "இது என் கார்டு, நான்தான் வாங்குறேன்" என்று தானாகவே ஒப்பித்தார்.

"என்ன ஒரு ஒத்துழைப்பு பாரு!" இவருக்குப் பரம சந்தோஷம்.

"ஒரு விளையாட்டு விக்கவா இந்தக் கூத்து?" என்றேன்.

"உனக்கென்ன தெரியும்? கீயை வாங்கிட்டு, பேங்க்ல போய் 'நான் வாங்கவே இல்லை'ம்பானுங்க. பேங்க் என்கிட்ட பிடுங்கி அவனுங்களுக்குக் குடுத்துடும். கறந்த பால் காம்புக்குத் திரும்புமா?"

சாட்சிக்காகப் பதிவு செய்த அந்த வீடியோவையும் கீயையும் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பில் போட்டுப் பூட்டினார். கடவுச்சொல் அவர் மண்டைக்குள் மட்டும். பணம் வந்து ஒரு நாள் பொறுத்துத்தான் கீயை அனுப்புவார்.

மறுநாள் காலை பல் துலக்கப் போனவர் அங்கேயே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் கிளம்பியதும் அவருடைய போன் அடித்தது.

"என்ன சார், காசு வாங்கிட்டு கம்முனு இருக்கீங்க?" அதே ஆள்.

"அவர் தவறிட்டாருங்க. பணத்தைத் திருப்பித் தந்துடறேன்."

"அடப் பாவமே! பணம் வேணாம்மா, கீதான் வேணும். பையனுக்குப் பொறந்தநாள். வரலைன்னா 'ஏமாத்துக்காரர்'னு அவரோட விற்பனைப் பக்கத்துல எழுதும்படி ஆயிடும்."

அந்த ஒரு சொல்லைத்தான் என்னால் தாங்க முடியாது. இத்தனை வருட வியாபாரத்தில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் விட்டுப்போன சொத்து அந்த நல்ல பெயர் மட்டுமே.

கோப்பு திறக்கவில்லை. என் பெயரைப் போட்டேன், கல்யாண நாளைப் போட்டேன். எங்கள் கல்யாணத்தைக்கூட அந்த மனுஷன் நம்பவில்லை. கடைசியில் வேறொரு விற்பனையாளரிடம் நானே முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி, அதே விளையாட்டின் கீயை வாங்கி அனுப்பினேன்.

அன்றே கணவரின் விற்பனைப் பக்கத்தில் அந்த ஆள் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார், பாராட்டோடு. படித்துவிட்டு அழுதேன்.

அடுத்த வாரம் பேங்கிலிருந்து செய்தி. தான் எதையுமே வாங்கவில்லை என்று அந்த ஆள் புகார் கொடுத்து, பணத்தைத் திரும்பப் பெற்றுவிட்டாராம். மறுப்பு இருந்தால் வீடியோவை அனுப்ப வேண்டுமாம். அது பூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது.

கணவரின் பக்கத்தை இன்னும் யாரும் எடுக்கவில்லை. அந்த ஆள் எழுதிய பாராட்டும் அப்படியே, எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது:

"நேர்மையான மனுஷன். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."